பூவுக்குப் பக்கத்துல அட்டை எதுக்கு மாப்ள?

படம் எழுதுற படிப்ப முடிச்சிட்டு வந்துட்டியாம், சந்தோசம் மாப்ள. தாமரைன்னா ஞானம், செம்பருத்தின்னா பொம்பளையோட கோவம், காஞ்ச சாமந்தின்னா உலகமயம்னு ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துல அட்டை எழுதி ஒட்டியிருக்கியே, எல்லாத்தையும் படிச்சன். படத்தவிட அட்டை பெருசு. பார்வ மங்கின எனக்கு அதுவும் ஒரு ஒத்தாசதான்.

ஆனா பூவுக்கு அர்த்தம் வைக்கிற வேலைய நீதான் ஆரம்பிச்சன்னு நெனச்சிக்காத. நம்ம விழுப்புரம் ஜில்லா வானூர் பக்கம் ஆரோவில் இருக்குதே, 1968ல தொடங்குனது, அத உண்டாக்குன அன்னை நூத்துக்கணக்கான பூவுக்கு அப்பவே அர்த்தம் சொல்லிட்டாங்க. மல்லி தூய்மை, துளசி பக்தி, மரமல்லி உருமாற்றம், வேப்பம்பூ ஆன்மிகச் சூழல். நமக்கு வேப்பம்பூன்னா சித்திரை ஒண்ணாந்தேதி பச்சடி. அதுல ஆன்மிகம் எவ்ளோன்னு உங்க அத்தையத்தான் கேக்கணும். ரோட்டோரம் மஞ்சமஞ்சேன்னு கொட்டுதே இயல்வாகை, அதுக்கு சேவைன்னு பேரு. அத நான் ஒத்துக்கறன். திண்டிவனம் பஸ்சுக்கு நிக்கறவனுக்கு நெழல் குடுக்குது, டிக்கெட் கேக்கல.

இன்னும் பழசு வேணுமா? திண்டிவனத்துல கிடங்கில்னு ஒரு எடம், ஓய்மாநாட்டு ராசா நல்லியக்கோடன் ஊரு. பகையாளிக்குப் பயந்து கெடந்தவன் கனவுல முருகன் வந்து, கேணியில பூத்த பூவ எடுத்து வீசுன்னு சொன்னாராம். பூவு வேலாயிடிச்சு, அந்தக் கேணி இருந்த ஊரு வேலூராயிடிச்சு. அவனப் பாடுன சிறுபாணாற்றுப்படைக்கு உரை எழுதின நச்சினார்க்கினியர் சொல்ற கத இது. கோட்ட இருக்கிற வேலூர் இல்ல, நம்ம பக்கத்து உப்புவேலூர்னு சொல்லுவாங்க.

இந்தக் காலத்துல அப்பிடிப் பூ வீசுன ஆளு ஒருத்தரு உண்டு. சீனாவுல ஐ வெய்வெய்னு ஒரு கலைஞர். அவரு பாஸ்போர்ட்ட சர்க்காரு புடுங்கி வச்சிகிச்சு. மனுசன் 2013 நவம்பர்லேருந்து தெனம் காலையில, பெய்ஜிங்குல தன் பட்டறை வாசல்ல நிக்கிற சைக்கிள் கூடையில ஒரு பூங்கொத்து வச்சாரு. 2015 ஜூலையில பாஸ்போர்ட் கைக்கு வர்ற மட்டும் விடல. ரோசாவா லில்லியான்னு எவன் பாத்தான்? நாளைக்கும் வைப்பான்யான்னு அதிகாரிக்குத் தெரிஞ்சிது பாரு, அதான் அந்தப் பூவோட அர்த்தம். பட்டாவுக்கு நடையா நடக்கறனே, நானும் ஒரு ஆபீசு வாசல்ல வச்சிப் பாக்கலாமான்னு நெனச்சன். மல்லி விக்கிற வெலைக்கு நடக்கறதே மேலு.

அதனால அந்த அட்டையெல்லாம் கழட்டிட்டு ஒரு சாயங்காலம் திண்டிவனத்துல பூ கட்டுற அம்மாகிட்டப் போயி உக்காரு. ஒரே கூடப் பூவுல பாதி கல்யாண வூட்டுக்கும் மீதி எழவு வூட்டுக்கும் போவும். மூர்த்த நாள்ல வெல ஏறும், மறுநாளு வாங்க ஆளிருக்காது. மிஞ்சினத அந்தம்மா என்ன பண்ணுதுன்னு கண்ணால பாத்துட்டு அத எழுது. உக்கார எடம் குடுத்ததுக்கு ரெண்டு மொழம் வாங்கிக்க. பேரம் மட்டும் பேசாத மாப்ள.