பின்னால சாயுங்க மாமா!

கடலூர்க்காரர்களுக்கும் உயரத்துக்கும் பகை கிடையாது, பழக்கமே கிடையாது. ஊரில் மலை என்று சொல்லிக்கொள்ள கேப்பர் மலை ஒன்று உண்டு. மத்திய சிறை அங்கேதான் இருக்கிறது என்பதால், போகிறவர்களில் பலர் ஆசைப்பட்டுப் போவதில்லை. மற்றதெல்லாம் சமதரை. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு போன திசையெல்லாம் வழிமறிக்க ஒரு குன்று இருந்ததாகக் கேள்விப்படவில்லை. எங்கள் செம்மண்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குண்டுசாலைக்கு அந்தக் குண்டால்தான் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

தண்ணீர் விஷயம் வேறு. தண்ணீரைத் தேடி நாங்கள் போவதில்லை, அதுவே வரும். 2015இலும் வந்தது, 2024இல் ஃபெஞ்சல் புயலோடும் வந்தது. தென்பெண்ணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று சேதி கிடைத்ததும் அரிசி மூட்டையையும் மிக்சியையும் பரண்மேல் ஏற்றுகிற சாதி நாங்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவன் பணம் கட்டி, கொட்டுகிற மழையில், கொட்டுகிற அருவிக்குள் கயிற்றில் தொங்கி இறங்கினான் என்றால் அதற்குக் காரணம் வீரமாக இருக்க முடியாது. மச்சானாகத்தான் இருக்கும்.

மச்சான் மும்பைப் பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறான். ஜூலையில் போயிருந்தோம். "ஒருநாள் டூர் மாமா. மழை, பச்சை, அருவி. டிபன், சாப்பாடு எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க" என்றான். கயிற்றைப் பற்றி கசாரா வரும்வரை வாயைத் திறக்கவில்லை. மும்பை லோக்கல் ரயில் கசாராவோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் ஜீப், மலை, விஹிகாவ் அருவி. மழைக்காலத்தில் ராப்பெல்லிங் என்னும் கயிற்றிறக்கம் கற்றுக்கொடுக்கக் குழுக்கள் அங்கே வருகின்றன.

அருவி இருப்பது தானே மாவட்டத்தில். 2011 டிசம்பர் 30ஆம் தேதி எங்கள் ஊரைப் புரட்டிப்போட்டு, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த புயலுக்கும் அதே பெயர். சகுனம் சரியில்லையே என்றேன். "அது வேற தானே மாமா!" என்றான். சந்தோஷ் சிவனின் 'அசோகா' படத்துப் பாட்டு ஒன்றை இங்கே எடுத்ததால் அசோகா அருவி என்றும் இதற்குப் பெயராம். 2001இல் வந்த படம். அதில் நம்ம அஜித் அசோகனின் அண்ணன் சுசீமனாக வருவார் என்று பெருமையாகச் சொன்னான். சுசீமனின் கதை எப்படி முடிந்தது என்று சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும்.

உயரம் சுமார் 120 அடி. சிதம்பரம் கோபுரம் சுமார் 135 அடி. கீழ வீதியில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவன்தான் நான். கலசத்துக்குப் பக்கத்தில் நின்று கீழ வீதியைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இடுப்பிலும் இரண்டு தொடைகளிலும் பட்டை வரும் ஹார்னஸை மாட்டி இறுக்கினார்கள். அதற்கப்புறம் ஒருவராலும் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. பிறகு 8 வடிவில் ஓர் அலுமினியத் துண்டு. பெரிய வளையத்தில் கயிற்றை நுழைத்து, அதன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, சின்ன வளையத்தைக் காரபினர் என்னும் கொக்கியால் இடுப்போடு பூட்டுகிறார்கள். கயிறு அந்த வளைவுகளில் உரசுகிற உராய்வுதான் ஆளைத் தாங்குகிறது. வலது கையால் கயிற்றை இடுப்புக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தால் நிற்கலாம், தளர்த்தினால் இறங்கலாம். உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் கொக்கி 2,000 கிலோவுக்கு மேல் தாங்குமாம். பத்திரத்துக்காக இன்னொரு கயிறும் எல்லோருக்கும் உண்டு. என் முறை வந்தபோது மட்டும் பயிற்சியாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

இந்த வித்தையை உருவாக்கியவர் என்று ழான் ஷார்லே என்ற பிரெஞ்சுக்காரரைச் சொல்கிறார்கள். ஆல்ப்ஸில் மலையேற்ற வழிகாட்டி. 1876இல் பெட்டி துரு என்ற சிகரத்தில் ஏறப் போய், முடியாமல் திரும்பி இறங்குவதற்காகக் கண்டுபிடித்த வழி இது. அதாவது அந்த மனிதர் வேறு வழியில்லாமல் செய்ததை நாம் சீட்டு வாங்கிக்கொண்டு செய்கிறோம். மனிதர் மற்ற விஷயங்களில் கெட்டிக்காரர். தன்னோடு மலையேற வந்த இசபெல்லா ஸ்ட்ராட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை அதே ஆண்டில் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். விட்ட சிகரத்தையும் 1879இல் ஏறி முடித்தார்.

விளிம்பில் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எல்லாச் சிக்கலும் இங்கேதான். "பீச்சே, பீச்சே!" என்று பயிற்சியாளர் இந்தியில் கத்தினார். "பின்னால சாயுங்க மாமா!" என்று மச்சான் மொழிபெயர்த்தான். காலை அகட்டிப் பாறையில் பதித்து, முழங்காலை மடக்காமல், நாற்காலியில் உட்கார்கிறவர் போலச் சாய வேண்டும். நாற்காலி மட்டும் இருக்காது. சாய்ந்தால்தான் பாதம் பாறையை அழுத்தும், பிடிமானம் கிடைக்கும். பயந்துபோய்ப் பாறையைக் கட்டிப்பிடித்தால் பாதம் வழுக்கும், முழங்கால் போய் மோதும். எது ஆபத்து என்று நாற்பது வருஷமாக உடம்பு படித்து வைத்திருக்கிறதோ அதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

தைரியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசைதான் நீண்டது. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள், "அங்க்கிள், நான் முன்னாடி போகட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டாள். மச்சான் கைபேசியைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினான். அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். சித்தப்பா பார்ப்பார். சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள். ஹார்னஸைக் கழற்றிக்கொண்டு திரும்பி நடப்பதையும் 120 அடி இறங்குவதையும் எடை போட்டுப் பார்த்தேன். உயிர் கொஞ்சம் மலிவாகத் தெரிந்தது. சாகசம் என்று சுவரொட்டியில் போடுகிறார்களே, அதில் முக்கால்வாசி இந்தக் கூச்சம்தான் என்பது என் கட்சி. தனியாகப் போயிருந்தால் ஒருவனும் இறங்கியிருக்க மாட்டான்.

சாய்ந்தேன்.

கொஞ்ச தூரம் கயிறும் நானும் ஒற்றுமையாகப் போனோம். பிறகு அருவி தலையில் விழுந்தது. ஹெல்மெட்டில் தண்ணீர் அடிக்கிற சத்தத்தில் மேலே இருப்பவர் கத்துவதும் கேட்காது, கீழே இருப்பவர் கத்துவதும் கேட்காது; கையசைவுதான் பாஷை. பாறையில் பாசி. இடது கால் போனது. வலது கால் தானாக மேலே தூக்கிக்கொண்டது. சிதம்பரம் கோபுர வாசலில் 108 நடனக் கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பரத முனிவர் அதோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம், அவர் காலத்தில் ஈரக்கயிற்றில் யாரும் தொங்கவில்லை என்பதுதான். அந்த நிலையில் மூக்குக்கு நேரே, பாறை இடுக்கிலிருந்து ஒரு சின்ன நண்டு எட்டிப்பார்த்தது. ஊரில் நண்டைக் கண்டால் கிலோ என்ன விலை என்று கேட்பேன். இது என்னைப் பார்த்துவிட்டு, கயிறு, கொக்கி எதுவும் இல்லாமல், பக்கவாட்டில் நடந்து போய்விட்டது.

கீழே கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தவர் அதை இழுத்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் தளர்த்தத் தளர்த்த இறங்கினேன். கடைசிப் பகுதியை நான் இறங்கினேன் என்று சொல்வதைவிட அவர் இறக்கினார் என்பதே நியாயம். குளத்தில் கால் பட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். கம்பிப் பல் பெண் எனக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

வீடியோவைப் பார்த்த அம்மா, "கீழதான் வரணும்னா எதுக்குடா மேல போனே?" என்று கேட்டாள். ழான் ஷார்லேயின் அம்மாவும் கேட்டிருப்பாள்.

ஊர் திரும்பியபோது செம்மண்டலத்தில் என் கௌரவம் கூடியிருந்தது. வீடியோவில் கரணம் போட்ட பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தான் மச்சான், நல்ல பையன். டீக்கடையில் பெஞ்சு நகர்த்தி இடம் கொடுத்தார்கள். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வீடு தேடியே வந்தார்.

"நெல்லிக்குப்பம் பக்கம் நமக்கு ஒரு கரும்புத் தோட்டம் இருக்கு தம்பி. கிணத்துல புட்வால்வு அடைச்சுக்கிட்டுது. இறங்குற ஆளு ஊர்ல இல்ல. நீங்கதான் கயித்துல இறங்குறவராச்சே."

வாசலில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேங்க" என்றேன்.