இங்கிலீஷ் மீடியம் கிருமிகளுக்கு நூற்றுக்கு நூறு

பெறுநர்: அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, சி.டி.எச். ரோட்டைப் பார்த்தபடி கண்ணாடி போர்த்தி நிற்கும் எங்கள் மருத்துவமனையின் மாண்புமிகு தொற்றுத் தடுப்புக் குழு.

பெருமதிப்புக்குரிய ஐயா, மேடம்,

நேற்று வாட்ஸ்அப் குழுவில் தாங்கள் போட்ட தேர்வு முடிவுப் பட்டியலில் என் பெயர் சிவப்பு எழுத்தில் ஜொலித்தது. ‘தேர்ச்சி இல்லை, மறுபயிற்சி தேவை.’ கேன்டீன் மாஸ்டர்கூட அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார். தேர்வு லிங்க் திறந்திருந்த கால் மணி நேரத்தில், என் வார்டில் ஒரு பெரியவர் வாந்தி எடுத்துத் தொலைத்தார். அவரைத் துடைத்து, விரிப்பு மாற்றி, தாங்கள் சொன்னபடியே 40 முதல் 60 விநாடி சோப்புப் போட்டு விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று கழுவிவிட்டு வந்தால் லிங்க் மூடியிருந்தது. கை கழுவப் போனதால் கை கழுவும் பரீட்சையில் தோற்றவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு. வினாத்தாள் ஆங்கிலத்தில். பட்டாபிராமிலும் இந்துக் கல்லூரி ஸ்டேஷனிலும் விடியற்காலை வண்டி பிடித்து வருகிற அவர்களில் சிலருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். சூப்பர்வைசர் தம்பி எல்லார் செல்லையும் வாங்கி வரிசையாகத் தட்டி முடித்தார். “இன்னா தம்பி கேட்டுக்கீறாங்க இதுல?” என்றார் ஓர் அக்கா. “அதெல்லாம் உனக்கு எதுக்குக்கா, பாஸாயிட்ட, போ.”

குறை சொல்லவில்லை. நம் கிருமிகள் இங்கிலீஷ் மீடியம் என்பதைத் தாங்கள் அறிந்துதான் செய்திருப்பீர்கள். ஏசி அறையில் பிறந்து வளர்ந்தவை, தமிழில் விரட்டினால் நகருமா?

பயிற்சியும் அதே தரம். பூந்தமல்லியில் பொது சுகாதார நிறுவனமே இருக்கிறது, ஒருவரை அழைத்திருக்கலாம். தாங்கள் அழைத்தது சானிடைசர் கம்பெனி ரெப்பை. அவர் நம்மிடம் இருக்கும் பாட்டிலைப் பற்றிப் பேசாமல் நாம் வாங்கவேண்டிய பாட்டிலைப் பற்றிப் பேசினார். பேனர் பிடித்து போட்டோ எடுத்தோம். சமோசா வந்தது. பிறகு கருத்துப் படிவம்: அரங்கம் எப்படி, பேச்சாளர் எப்படி, சிற்றுண்டி எப்படி?

அமெரிக்காவில் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-லேயே பயிற்சியை நான்கு படிகளில் எடைபோடச் சொன்னார்: பிடித்ததா, புரிந்ததா, வேலையில் பழக்கம் மாறியதா, அதனால் பலன் உண்டா. தாங்கள் முதல் படியிலேயே உட்கார்ந்து சமோசா சாப்பிடுகிறீர்கள். இரண்டாம் படிக்கு சூப்பர்வைசர் தம்பியை அனுப்பிவிட்டீர்கள். மூன்றாம் படியில் ஏற ஒரு நல்ல வழி உண்டு: ஸ்டோர் ரிஜிஸ்டர். ஆயிரம் நோயாளி-நாளுக்குக் குறைந்தது 20 லிட்டர் சானிடைசர் செலவாகிறதா என்று உலக சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டுத் தாள் கேட்கிறது. ஆடிட் அன்று கட்டிலுக்கு ஒன்றாக முளைத்து மறுநாள் ஸ்டோருக்கே திரும்புகிற பாட்டில்களை எந்தக் கணக்கில் எழுதுவது? அவற்றைத் திறந்தவர் யாருமில்லை. கான்வென்ட் கிருமிகள்தான் லேபிளைப் படித்துவிட்டுத் தாமாகவே ஒதுங்கியிருக்க வேண்டும்.

நான்காம் படி பழைய சங்கதி. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் போகிறவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தார். அது பலித்ததா என்று பார்க்க அவர் யாருக்கும் வினாத்தாள் கொடுக்கவில்லை, செத்த தாய்மார்களை எண்ணினார். நம் ஊரிலும் எண்ணினார்கள். 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில், கிருமி நீக்காத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதையே மூடி மூடிப் பல பேருக்குப் பயன்படுத்தியதில் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று மூளைக்கு ஏறி எட்டுப் பேர் இறந்தார்கள். 2025-இல் வந்த ஆய்வு அதைச் சொல்கிறது. அந்தப் பாக்டீரியா சுவரில் என்ன சான்றிதழ் மாட்டியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பாவம், அரசுப் பள்ளியில் படித்ததோ என்னவோ.

போன மாதம் மஞ்சள் கழிவுப் பையைக் கட்டும்போது ஓர் அக்காவின் உள்ளங்கையில் ஊசி ஏறியது. குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய ஊசி. மஞ்சள் பையில் எறிந்தவர் படித்தவர். அந்த ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. “டிரெய்னிங் அட்டெண்ட் பண்ணியிருக்கியே, மார்க்கும் நூறு இருக்கே, அப்புறம் எப்படிக் குத்துச்சு?” என்று கேட்டார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி தாண்டினால் தொடங்கிப் பயனில்லை. அந்த நேரத்தில் அக்கா விளக்கக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத வராது, நான்தான் எழுதினேன். ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கச் சொன்னார்கள். யாருடைய கவனக்குறைவு? படிக்கவே தெரியாதவருக்கு நூறு மார்க் போட்டு, அந்த மார்க்கையே அவர் கழுத்தில் குற்றப்பத்திரிகையாகத் தொங்கவிட உங்களுக்குக் கூசவில்லையா? நீங்கள் கிருமியைத் தடுக்கவில்லை, வழக்கைத் தடுக்கிறீர்கள்.

மன்னிக்க வேண்டும். மாஸ்க் இறங்கிவிட்டது, மூக்குவரை ஏற்றிக்கொண்டேன்.

தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்காமல் ஒரு சிறு விண்ணப்பம். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் வேலைக்குச் சேரும்போதும், பிறகு ஆண்டுக்குக் குறைந்தது ஒருமுறையும் பயிற்சி தரச் சொல்கின்றன. அதை ஜாம்ஜாமென்று முடித்துவிட்டீர்கள். அதே விதிகள் கழிவைக் கையாள்கிறவர்களுக்கு ஹெபடைட்டிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசியும் போடச் சொல்கின்றன. இதில் போட்டோ எடுக்க வாய்ப்புக் குறைவு என்பதால் தங்கள் பார்வைக்கு வராமல் போயிருக்கும். அந்த அக்காவுக்கு முதல் ஊசியே இன்னும் போடவில்லை. காண்ட்ராக்ட் ஆள், கம்பெனிதான் போடவேண்டும் என்கிறது எச்.ஆர். குத்தியது ஆஸ்பத்திரி ஊசி, ஆஸ்பத்திரிதான் போடவேண்டும் என்கிறது கம்பெனி. அவர் ஷிஃப்ட் முடிந்து இரண்டு அலுவலகத்துக்கும் நடக்கிறார். இடையில் ஒரே ஒரு அனுமதிச் சீட்டு நிற்கிறது. அதில் தாங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆங்கிலத்திலேயே போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த
இரண்டாம் மாடி ஸ்டாஃப் நர்ஸ்