மாப்பிள்ளை, பின்னால மரம்!

உக்கடம் குளத்தில் கெண்டை பிடித்து வளர்ந்த கோவைக்காரர் அவர். குடும்பத்தோடு இமாச்சலம் போனவர், தீர்த்தன் ஆற்றங்கரையில் இறங்கியதுமே மண்புழு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். வழிகாட்டி பதில் சொல்லாமல் ஒரு டப்பியைத் திறந்தார். உள்ளே இறகும் நூலும் சுற்றிய முட்கள், பருப்பில் பொறுக்கி எறிகிற வண்டு அளவில்.

“இதையா மீன் திங்கும்?” என்றார் மாமியார்.

திங்கும். முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் இறகு இரண்டைக் கட்டி மாசிடோனியாக்காரர்கள் மீன் பிடித்த கதையை, சுமார் 1,800 வருஷத்துக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானியர் எழுதி வைத்துவிட்டார். அதற்கப்புறமும் மீனுக்குப் புத்தி வரவில்லை.

தீர்த்தனில் இருக்கிற பிரவுன் டிரவுட் மீனும் வந்தேறிதான். வெள்ளைக்காரர்கள் 1899-ல் காஷ்மீருக்கு அனுப்பிய முட்டைகள் வழியிலேயே செத்தன. அடுத்த வருஷம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அவற்றைப் பேணி வளர்த்த மிட்செல், ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்தியவர். கம்பள வியாபாரிக்கு மீன் குஞ்சோடு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. தூண்டில் பைத்தியம் தொழில் பார்த்துப் பிடிப்பதில்லை. 1909-ல் அந்த வம்சம் தீர்த்தன் ஓடும் குலுவுக்கும் வந்து சேர்ந்தது.

மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வாங்கியாயிற்று. (நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் முட்டையிடும் காலம், சீட்டு கிடையாது.) வழிகாட்டி முதல் வேலையாகக் குறடால் முள்ளின் நுனியிலிருக்கும் எதிர்க்கொக்கியை நசுக்கினார். மீன் தப்பிக்கட்டும் என்றா? “காதில் மாட்டினாலும் சுலபமாகக் கழற்றலாம்” என்றார். குடும்பம் மொத்தமும் இரண்டடி தள்ளி நின்றது. அந்த பயம் நியாயமானதுதான். 1992-ல் வந்த ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ படத்துக்காகக் கட்டட மாடியில் வீசிப் பழகிய பிராட் பிட்டே, தன் பின்மண்டையில் முள்ளை மாட்டிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டுதான் தங்கூஸை இழுத்துக்கொண்டு பறக்கும். இந்தத் தூண்டிலில் இறகால் செய்த போலிப் பூச்சிக்கு எடையே இல்லை. கனமெல்லாம் தடித்த நரம்பில். அதைப் பின்னால் வீசி, முதுகுக்குப் பின்னே அது முழுசாக நீளும்வரை சும்மா நிற்க வேண்டும். பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும். அந்தச் சும்மா நிற்பதுதான் நம்மவருக்கு வரவில்லை. பலத்தைக் கூட்டக் கூட்ட நரம்பு காலடியிலேயே சுருண்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்தபோது மரத்தில் மாட்டியது. “மாப்பிள்ளை, பின்னால மரம்!” என்ற அறிவிப்பு தவறாமல் வந்தது, மாட்டிய பிறகு.

“ஏனுங்க, மீன் புடிக்கறீங்களா, கொசு அடிக்கறீங்களா?” என்றார் மனைவி.

உண்மையில் புதிதாகக் கற்பவருக்கு மலை ஓடையைப் போல வசதியான இடம் வேறில்லை. இருபதடி வீசினால் போதும். தண்ணீர் வேகமாக ஓடுவதால் பூச்சி அசலா போலியா என்று உற்றுப் பார்க்க மீனுக்கு நேரம் இருக்காது. அது நீரோட்டத்தை எதிர்த்துப் பார்த்தபடி நிற்கும் என்பதால் கீழ்ப்புறமிருந்து சத்தமில்லாமல் நெருங்கலாம். குடும்பச் சுற்றுலாவில் நடக்காதது அந்தச் சத்தமில்லாமல் என்பது மட்டும்தான்.

கடைசியில் மீன் தானாகவே மாட்டியது. அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வீசிய நரம்பு கீழ்நோக்கி இழுபட்டுப் போய், கரையோரமாக வளைந்து திரும்பியது. இரை தப்பி ஓடுகிறது என்று நினைத்த டிரவுட் பாய்ந்து கவ்விவிட்டது. “திட்டமிட்டுத்தான் அப்படி விட்டேன்” என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார்.

சாண் நீளம்கூட இல்லை. கைகளை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், உலர்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும் என்றார் வழிகாட்டி. பழுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் வளையம். மகள் எண்ணத் தொடங்குவதற்குள் அளவு போதாது என்று அதை ஆற்றில் விட்டார்.

“விடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று மாமியார் கைப்பையை மூடினார். உள்ளே கோவையிலிருந்தே கொண்டுவந்த மிளகாய்த்தூள் பொட்டலம். அன்றிரவு விடுதியில் பண்ணையில் வளர்த்த டிரவுட்டை வெண்ணெயில் வாட்டிக்கொண்டிருந்த சமையல்காரரை நகரச் சொல்லிவிட்டு அவரே அடுப்படியில் நின்றார். முதலில் முகம் சுளித்த அந்தச் சமையல்காரர்தான், மறுநாள் காலை அந்தப் பொட்டலத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்.