சித்தரத்தை வாங்கிவிட்டோம்

மாண்புமிகு நடுவர் குழுவினருக்கு,

புதுக்குரல்களைத் தேடும் தங்கள் போட்டிக்கு நாங்கள் அனுப்பிய முதல் பாட்டின் மதிப்பெண் தாள் போன வாரம் வந்து சேர்ந்தது. நூற்றுக்குப் பதினொன்று. அதுகூடப் பரவாயில்லை. குறிப்புரைக் கட்டத்தில் நீல மையில், முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தீர்கள்: 'பாடகருக்குக் கடுமையான தொண்டைக்கட்டு. சித்தரத்தையைப் பனங்கற்கண்டோடு வாயில் அடக்கிக்கொள்ளவும். குணமானதும் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

தங்கள் தாயுள்ளத்தை எண்ணி நெகிழ்ந்துபோனோம். டெத் மெட்டல் என்று விண்ணப்பத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அதை வியாதியின் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மற்றக் கட்டங்களிலும் வைத்தியம் நடந்திருக்கிறது. சுருதி சுத்தம்: பூஜ்யம். கிட்டாரின் தடித்த தந்தியை ஈ-யிலிருந்து பி வரைக்கும் இறக்கிக் கட்டி, அதற்கென்றே கனமான தந்தி வாங்கிப் போட்டிருக்கிறோம். 'தந்தி தளர்ந்துள்ளது, மாற்றவும்' என்கிறீர்கள். தாளம்: 'மிருதங்கக்காரர் பதற்றப்படுகிறார்.' அவர் மிருதங்கக்காரர் இல்லை, டிரம்ஸ்காரர்; பதற்றமும் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, நிமிடத்துக்கு 220 என்று மெட்ரோனோமை வைத்து ஒரு வருஷம் காலை உடைத்துக்கொண்டவர். பிளாஸ்ட் பீட் என்கிற அந்த அசுர வேக அடிக்கும் சித்தரத்தை உண்டா, தெரிவிக்கவும்.

ஒரே ஒரு நடுவர் மட்டும் 'பேஸ் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்தால் காலில் விழுவேன். பேஸ் வாசித்தவன் நான்தான். 1988-ல் வந்த மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்திலேயே பேஸைக் காணோமே, அந்த மரபில் வந்தவர்கள் நாம் என்று எங்கள் கிட்டார்காரன் சமாளிக்கிறான். உண்மை என்னவென்றால், மிக்ஸிங் அன்று நான் ஊருக்குப் போயிருந்தேன்.

தங்களைத் தேடி ஏன் வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் எங்கள் இசைக்கு ஒரு நிகழ்ச்சி வைத்தால் நாற்பது பேர் வருவார்கள். அதில் பதினைந்து பேர் அடுத்து மேடையேறப் போகிறவர்கள், ஐந்து பேர் அவர்களுடைய தம்பி தங்கைகள், ஒருத்தர் சவுண்டுக்காரர். 2007-ல் அயன் மெய்டனுக்கும் 2011-ல் மெட்டாலிகாவுக்கும் பெங்களூருக்கு ரயிலேறிப் போன எங்கள் அண்ணன்மார் இப்போது ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். மிச்சமிருக்கிற நாற்பது பேருக்குள் ஒருத்தன் முதல் பாட்டை வெளியிட்டால் 'செம மச்சி' என்பதைத் தவிர வேறு விமர்சனம் கிடையாது. நாளைக்கு அவனிடம்தானே பெடலை இரவல் கேட்க வேண்டும்.

முகம் தெரியாத யாராவது உள்ளதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் பணம் கட்டி அனுப்பினோம். ஸ்னேர் எண்ணெய் டின்னைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. இரண்டாவது ரிஃப் எட்டு முறை வருகிறது, நாலு போதும். கடைசியில் வருகிற மழைச் சத்தம் ஊரிலிருக்கிற எல்லாக் குழுவும் போட்டுத் தேய்த்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்பது மதிப்பெண் போட்டிருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்போம். நீங்கள் பாட்டைக் கேட்கவில்லை, நாடி பார்த்திருக்கிறீர்கள்.

எங்கள் பாடகனின் அந்த உறுமல் குரல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருவதல்ல. குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்து, காற்றை அளந்து விட்டு, அதை அதிரவைக்க வேண்டும். தெரியாமல் செய்தால் மறுநாள் பேச்சே வராது. எங்கள் ஆள் இரண்டு மணி நேரம் பாடிவிட்டு டீக்கடையில் சாதாரணக் குரலில் கடன் சொல்வான். விடிய விடிய நடக்கும் கூத்தில் இரணியன் உறுமும்போது யாராவது பனங்கற்கண்டோடு ஓடுகிறார்களா? கோடாங்கி அடிவயிற்றிலிருந்து குறி சொன்னால் கைகட்டி நின்று விபூதி வாங்கிக்கொள்கிறோம். ஜீன்ஸ் போட்டவன் உறுமினால் மட்டும் சித்தரத்தை.

இதில் தங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. கோடம்பாக்கத்தில் முட்டை அட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில்தான் எங்கள் பயிற்சி. முதல் வாரமே கீழ்வீட்டு அக்கா டம்ளரில் கஷாயத்தோடு மேலே வந்துவிட்டார், மேலே ஒரு மூடியும் போட்டு. கதவோரம் நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். கஷாயத்தைத் தரையில் வைத்துவிட்டு, "யார் மேலப்பா இவ்வளவு கோவம்?" என்றார்.

தங்கள் மூவரில் ஒருவருக்கும் அது கேட்கத் தோன்றவில்லை. 'கருத்து' என்ற கட்டத்தில் 'காதல் தோல்வி?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறீர்கள். பாட்டின் பெயர் 'கழிமுகம்'. பாடகன் எண்ணூர்க்காரன். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து கழிமுகத்தில் படகும் வலையும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். இவன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் கண்ணெரிய பைக் ஓட்டினான். வழியெல்லாம் அந்த அம்மா இருமினார். பாட்டின் தொடக்கத்தில் இவன் இருமுவது அந்த இருமல். மொத்தம் மூன்று நிமிஷம் நாற்பத்தொரு விநாடி. அதுவரை உட்கார்ந்து கேட்க முடியாதவருக்கு நடுவர் நாற்காலி எதற்கு? நுழைவுக் கட்டணம் 1,500 ரூபாயை வாங்கிப் போட்டுக்கொள்ளும்போது யாருக்கும் தொண்டை அடைக்கவில்லையே.

மன்னிக்கவும். சித்தரத்தைக் காரம் தலைக்கேறிவிட்டது.

தங்களைப் போன்ற மேதைகள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1989-ல் கிராமிக்காரர்கள் ஹார்ட் ராக்குக்கும் மெட்டலுக்கும் சேர்த்து முதன்முதலாக ஒரு விருது வைத்து, மெட்டாலிகாவை விட்டுவிட்டு, புல்லாங்குழலுக்குப் பேர்போன ஜெத்ரோ டல் குழுவுக்குக் கொடுத்தார்கள். ஊர் சிரித்த சிரிப்பில் மறுவருஷமே மெட்டலுக்குத் தனிப் பிரிவு வந்து, மெட்டாலிகாவும் வாங்கிக்கொண்டது. தங்களுக்கும் ஒரு வருஷம் அவகாசம் இருக்கிறது.

தங்கள் உத்தரவை நாங்கள் மீறவில்லை. நாட்டு மருந்துக் கடையில் ஐம்பது கிராம் சித்தரத்தை வாங்கினோம். பாடகன் ஒரு வாரமாக வாயில் அடக்கிக்கொண்டுதான் திரிகிறான். நேற்று ஒத்திகையில் வாயைத் திறந்தான். குரல் முன்னைவிட இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. கீழ்வீட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாக அக்கா சந்தோஷமாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பாட்டுக்கு ரெக்கார்டிங். அட்டையில் நன்றிப் பட்டியலில் தங்கள் பெயர்தான் முதலில். 'ஆசான்' என்று போடுவதா, 'வைத்தியர்' என்று போடுவதா என்பதை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் காதில் விழாத
பேஸ் கிட்டார்காரன்