ஈ ஓட்டுவதற்காக ஊர் மாறுதல்

சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் சத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரனுக்கும் நடுவே குடியிருக்கும் இக்கட்டுரையாளர், ஓய்வு பெற்ற கையோடு ஊட்டிக்கு வீடு மாற்றப்போவதாக அறிவித்தார். வெயில் தாங்கவில்லையா என்றார்கள். மூட்டுவலிக்குக் குளிர் ஆகாதே என்றார்கள். "மீன் பிடிக்க" என்று அவர் சொன்னதும் வீட்டில் மிக்ஸி நின்றது.

"ஏங்க, பஸ் ஏறினா மகாபலிபுரம். அங்க இல்லாத மீனா மலை மேல இருக்கு?"

இருக்கிறது. டிரவுட் என்று பெயர். அதைப் பிடிக்கும் கலைக்கு ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர். 1992-இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கிய 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' படத்தில், மொன்டானா ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்றபடி தலைக்கு மேல் கயிற்றைச் சுழற்றும் பிராட் பிட்டைப் பார்த்த நாளிலிருந்து கட்டுரையாளருக்குப் பிடித்த பித்து அது. அமெரிக்காவில் இதற்காகவே வேலையை விட்டு, வீட்டை விற்று, மொன்டானாவுக்குக் குடிபோகிறவர்கள் உண்டு. கட்டுரையாளர் விற்கலாமென்றால் வீடு மனைவி பெயரில் இருக்கிறது.

நம்மூர்த் தூண்டிலில் முள், மண்புழு, ஈயக்குண்டு எல்லாம் நுனியில் இருக்கும். அந்த எடை நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. கயிற்றுக்குத்தான் எடை. ஒன்பதடிக் கம்பால் கயிற்றை முன்னும் பின்னும் வீசி, காற்றில் வளையம் போட்டு, பூச்சி தானே வந்து உட்கார்ந்தது போல நீர்மேல் இறக்க வேண்டும். மீன் நம்ப வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், ஈ ஓட்டுவது. வியாபாரம் இல்லாத கடைக்காரர் சும்மா செய்வதை இங்கே பல்லாயிரம் ரூபாய்க்குக் கருவி வாங்கிச் செய்கிறார்கள்.

பயிற்சி மொட்டைமாடியில் தொடங்கியது. முதல் நாள் கிடைத்தது அடுத்த வீட்டு மாடியில் காய்ந்த கூழ்வடகம், ஒன்று. இரண்டாம் நாள் கேபிள் ஒயர். மூன்றாம் நாள் கட்டுரையாளரின் காது. அதற்கு டெட்டனஸ் ஊசி போட்ட டாக்டர், "என்ன மீன் சார்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

காது ஆறும் வரை படிக்க நேரம் கிடைத்தது. படித்ததில்தான் தெரிந்தது, டிரவுட் நீலகிரியின் மீனே இல்லை. இங்கே வந்த வெள்ளைக்காரர்களுக்கு மீனுக்காக ஊர் மாறும் அவசியம் இருக்கவில்லை. அவர்கள் மீனையே ஊர் மாற்றினார்கள். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, 1863-இலேயே இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதே 1869-இல். குளிர்நீர் மீனின் முட்டையை வெப்பமண்டலம் தாண்டிக் கொண்டுவருவதென்றால், மே மாதத்தில் குச்சி ஐஸைக் கையில் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை நடப்பது போல. முட்டைகள் பிழைக்கவில்லை. பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பெரும் நூல் வெளியிட்டு டே புகழ் பெற்றார். அதில் இருப்பவை, அவர் கொண்டுவராமலே இங்கே இருந்த மீன்கள்.

சளைக்காமல் பிறகும் முயன்று, 1907-இல் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் கட்டியேவிட்டார்கள். மலை ரயில் ஊட்டியைத் தொட்டது 1908-இல். மனிதர்கள் வந்து சேர ரயில் போடும் முன்பே மீன் குஞ்சுகளுக்கு வீடு தயார். அதோடு, பிடிப்பதற்கு டிரவுட் நிலைபெறும் முன்பே, 1879-இலேயே, நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டமும் போட்டிருந்தார்கள். முன்யோசனை என்றால் இதுதான்.

இன்னொரு வேடிக்கை. டிரவுட்டின் பெரிய பங்காளியான சால்மனுக்கு ஸ்காட்லாந்தில் கட்டிய புகழ்பெற்ற பொய்ப்பூச்சிகள் பலவற்றில் கண் போலப் பளபளக்கும் ஒரு இறகு இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு அது. இப்போது இறகு ஏற்றுமதிக்குத் தடை. இறகுப் பித்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அத்தாட்சி: 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் எட்வின் ரிஸ்ட் என்ற புல்லாங்குழல் மாணவர் ஜன்னலை உடைத்து நுழைந்து, 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார். பொய்ப்பூச்சி கட்ட. இதைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக்காட்டியது பிழை. அன்றிலிருந்து வீட்டு மயிலிறகு விசிறி பீரோவுக்குள் இருக்கிறது, சாவி மனைவியிடம்.

ஊட்டித் திட்டத்துக்கு இடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. டிரவுட் நீந்தும் நல்ல ஓடைகளில் பல முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் ஓடுகின்றன. அங்கே தூண்டிலோடு உலாவ முடியாது. அவலாஞ்சி அனுமதி வாங்கிப் போகும் இடம். போதாக்குறைக்கு, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மகன் கைப்பேசியில் காட்டினான். "அப்பா, அங்க மீன் உங்களைத் தேடி வீட்டுக்குள்ளயே வந்துடும்."

தவிர, ஃப்ளை ஃபிஷிங்காரர்களில் பலர் பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டுவிடுவார்கள் என்ற செய்தியை அதுவரை கட்டுரையாளர் வீட்டில் மறைத்துவைத்திருந்தார். அதுவும் வெளியே வந்தது. "அட்வான்ஸ், வாடகை, லாரி கூலி எல்லாம் குடுத்து, மீனைப் பிடிச்சு, விட்டுட்டு, அப்புறம் மார்க்கெட்ல போய் கிலோ கணக்குல வாங்கணும். சரியா சொல்றேனா?" சரியாகத்தான் சொன்னார்.

உப்பு நீரிலும் ஈ ஓட்டலாம் என்று புத்தகங்கள் சொல்வதால், கொடுவாவைக் குறிவைத்து ஒரு விடியற்காலை முட்டுக்காடு கழிமுகத்துக்குப் போனார். ஏக்கருக்கு ஒரு கொடுவா இருந்தாலும் அது அன்று விடுமுறையில் இருந்தது. சற்றுத் தள்ளி இருளர்கள் சிலர் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் எடுத்து, பல்லில் கவ்விய பறிக்குள் போட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். கம்பில்லை, கயிறில்லை, ரீலில்லை. கட்டுரையாளரின் கயிறு அவருடைய தொப்பியையே கொக்கி போட்டு நீரில் எறிந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் பறி இருந்ததால் சிரிக்க முடியவில்லை. அன்றைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

கடைசியில் கைகொடுத்தவர் ஒரு கலெக்டர். தென் கன்னட மாவட்டக் கலெக்டராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் இந்தியத் தூண்டில் கலை பற்றி ஒரு நூல் எழுதிப் பெயர் வாங்கியவர். 1887-இல் இன்னொன்று எழுதினார்: இந்திய ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றி மட்டுமே ஒரு தனி நூல். ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டில் உட்கார்ந்துகொண்டு ஊட்டிக்கு லாரி பேசிய தன் புத்தியைக் கட்டுரையாளர் நொந்துகொண்டார். லாரிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். கம்பை எடுத்துக்கொண்டு ஊர் ஏரிக்கு நடந்தார்.

அது மே மாதம். ஏரியில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் கயிறு வீசிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. வடகம் இல்லை, ஒயர் இல்லை, முதுகுப் பக்கம் முப்பது மீட்டருக்கு ஒரு முள்மரமும் இல்லை. பையன்கள் முதல் வாரம் விநோதமாகப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம், "அங்கிள், அந்த ஆரஞ்சுக் கயித்தை அப்படியே நேரா விட்டு வைங்க" என்றார்கள். மழை வரும் வரை அதுதான் பவுண்டரி.