நட்டுக் கெடுப்பது எப்படி?

முதல் வேலையாக வேம்பு, புங்கை, பூவரசு மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கேட்காமலே வளர்கிற மரத்துக்கு என்ன மரியாதை? பெயரில் 'துலிப்' இருக்க வேண்டும். நர்சரியில் ஆப்பிரிக்க துலிப் கேளுங்கள். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பிடித்த மரம், லேசுப்பட்டதா? நம்மூர்ப் பூவரசுக்கும் ஆங்கிலத்தில் 'இந்திய துலிப் மரம்' என்று பெயர் உண்டு. வீட்டில் மூச்சு விடாதீர்கள். போத்து ஒன்றை ஊன்றினாலே துளிர்ப்பதற்கு எதற்கடா காசு என்று அம்மா கேட்பார்.

அதற்குள் மகள் பள்ளியிலிருந்து புங்கங்கன்றோடு வந்துவிட்டாளா? பதற வேண்டாம். வழி இருக்கிறது.

1. மின்கம்பிக்கு நேர் கீழே இடம் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்காதீர்கள், கழுத்து வலிக்கும்.

2. மூன்றடிக் குழி என்பார்கள். கிணறா வெட்டுகிறோம்? ஒரு சாண் போதும். வீடு கட்டியதில் மிஞ்சிய செங்கல் துண்டுகளைப் போட்டு மூடுங்கள்.

3. கறுப்புப் பையைக் கிழிக்காமல் அப்படியே இறக்குங்கள். வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரட்டும். வெளியே போனால் கெட்டுப்போகும்.

4. தினமும் ஒரே ஒரு சொம்பு தண்ணீர். ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கிவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களைச் சாய்த்தபோது எல்லோரும் காற்றைத்தான் திட்டினார்கள். உங்கள் மரம் விழும்போதும் காற்று கைகொடுக்கும்.

5. இத்தனைக்கும் பிறகு பிழைத்துவிட்டதா? புங்கை அப்படித்தான், பிடிவாதக்காரி. தண்டின் கழுத்து வரை சிமென்ட் பூசுங்கள். வாசல் பளிச்சென்று இருக்கும், கோலத்துக்கும் தோது. சிலர் தூரைச் சுற்றி நாலடி மண் விடுகிறார்கள், மழைத்தண்ணீர் இறங்குமாம். இறங்கட்டும், பிறகு கோடையில் லாரிக்காரரை எந்த முகத்தோடு கூப்பிடுவது?

6. உதிர்ந்த இலையைப் பெருக்கிக் கொளுத்துங்கள். வயலில் அது தழை உரம். நமக்குத்தான் வயல் இல்லையே. பக்கத்து வீட்டில் துணி காயப்போடும் நேரமாகப் பார்த்துப் பற்றவைப்பது உத்தமம்.

7. கிளை கம்பியைத் தொட்டதும் (முதல் படியை மறக்கவில்லையே?) ஆள் வைத்து மொட்டையடியுங்கள். துளிர்த்தால் மறுபடி. மூன்றாவது முறை தூரோடு.

8. நிழல் போன இடத்தில் தகர ஷெட் போடுங்கள். உள்ளே அடுப்பாகிவிட்டால், சித்திரை வெயிலில் காரை எதிர்வீட்டுப் புங்கமரத்தடியில் நிறுத்துங்கள். கண்ணாடியில் பூ உதிர்ந்து கிடந்தால் காலிங் பெல்லை அடியுங்கள். "என்ன சார், மரம் வளர்க்கிறீர்களா, குப்பை வளர்க்கிறீர்களா?"