மேகத்துக்குள் யார் ஓட்டுவது?

கேள்வி: மேகத்துக்குள் தானியங்கி விமானியே செவ்வனே ஓட்டும்போது, மனித விமானி கையால் ஓட்டிப் பழகுவது வீண் சிரமம்தானே?

பதில்: அடிவானம் மறைந்த மேகத்தில், உட்காதின் திரவம் சொல்லும் பொய்யை நம்பி, சாய்ந்து பறக்கும் விமானம் நேராகப் பறப்பதாகவே சத்தியம் செய்யக்கூடிய மனிதனைவிட, காதே இல்லாத அந்த யந்திரம் உத்தமம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2009 ஜூன் 1 அன்று, ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447இல், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிக்கட்டி அடைத்த மாத்திரத்தில் அந்த உத்தமர் பொறுப்பைக் கைகழுவிவிட, திகைத்த விமானி மூக்கைத் தாழ்த்தவேண்டிய வேளையில் உயர்த்திப் பிடித்ததால், ஐந்து நிமிஷத்துக்குள் 228 உயிர்கள் அட்லாண்டிக்கில் மாண்டன. சமையற்காரர் சொல்லாமல் நின்றுவிட்டால் எஜமானிக்கு உலை வைக்கவாவது தெரியவேண்டாமா? வேலை நெருக்கும்போது யந்திரம் ஓட்டட்டும். அவகாசமுள்ள சாந்தமான மேகங்களில், துணை விமானி கருவிகளைக் கண்காணிக்க, விமானி கையால் ஓட்டிப் பழகட்டும். பயணிகள் காப்பி குடித்து முடித்த பிறகு என்றால் விசேஷம்.